பழைய கார் வீட்டுல நிக்குதா? மெக்கானிக்குக்கு முன்னாடி புத்தகத்தைத் தேடுங்க

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் இன்னமும் சில வீட்டு ஷெட்டுல ஐயா காலத்துக் கார் ஒண்ணு தார்ப்பாய் போர்த்தி நிக்குது. அதைத் திரும்ப ஓட வைக்கணும், முறைப்படி விண்டேஜ் ரிஜிஸ்ட்ரேஷன் வாங்கணும்னு ஆசைப்படுறவங்க இப்ப நிறைய. எங்க வீட்டு மோரிஸ் மைனருக்காக இந்த வேலை முழுக்க அலைஞ்சு முடிச்சிருக்கேன், அதனால புதுசா இறங்குறவங்களுக்கு வரிசையா எழுதிடலாம்னு தோணுச்சு.

எல்லாரும் முதல்ல மெக்கானிக்கத்தான் கூப்பிடுறாங்க. முதல்ல வேண்டியது அந்தக் காரோட புத்தகங்கள். ஏன்னா 2021 ஜூலைல மத்திய அரசு கொண்டு வந்த விண்டேஜ் வாகன விதிப்படி வண்டிக்கு 50 வயசு ஆனா மட்டும் போதாது, ஒரிஜினல் நிலைல இருக்கணும், சேசிஸ்லயோ (வண்டியோட அடிச்சட்டம்) பாடிலயோ இன்ஜின்லயோ மாத்தி வேலை பண்ணியிருக்கக் கூடாது. எது ஒரிஜினல்னு உங்களுக்கும் தெரியாது, மெக்கானிக்குக்கும் தெரியாது, பாக்க வர்ற அதிகாரிக்கும் அந்த மாடல் புதுசா இருக்கும். கம்பெனி அன்னைக்கு அச்சடிச்ச புத்தகம் ஒண்ணுதான் அதைச் சொல்லும். டீசல் இன்ஜின் மாத்திட்டா நல்லா ஓடும்னு யாரோ சொன்னதைக் கேட்டு மாத்திட்டா, அதோட அந்த வழி அடைஞ்சு போச்சு.

1. காரைக் கழுவாதீங்க, நம்பரை எழுதுங்க

சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டும் வேணும். பழைய பிரிட்டிஷ் கார் நிறையதுல பானெட்டைத் தூக்கினா இன்ஜினுக்குப் பின்னாடி இருக்கிற தகரச் சுவர்ல ஒரு சின்ன பிளேட் திருகியிருக்கும், சேசிஸ் நம்பர் அதுல இருக்கும். இன்ஜின் நம்பர் பிளாக்குல. துரு இருந்தா துணில கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு மெதுவா துடைங்க, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீங்க, அடிச்ச எழுத்து அழிஞ்சு போனா அப்புறம் எந்த ஆபீஸ்லயும் பதில் சொல்ல முடியாது. டார்ச்சை நேரா அடிக்காம பக்கவாட்டுல பிடிச்சு போட்டோ எடுங்க, எழுத்து தெளிவா எழும்பி வரும். கையோட நம்பர் மேல தாளை வச்சு பென்சில்ல தேய்ச்சு சேசிஸ் பிரிண்ட்டும் எடுத்து வச்சுக்கங்க.

இந்த நம்பர் வெறும் நம்பர் இல்ல. மோரிஸ் மைனர்ல 1952-லேர்ந்து சில வருஷத்துக்கு நம்பருக்கு முன்னாடி எழுத்துங்க வரும். முதல் எழுத்து எஃப்-னா மைனர், ரெண்டாவது எழுத்து எத்தனை கதவு, என்ன பாடின்னு சொல்லும், மூணாவது எழுத்து கலர், ஏ-ன்னா கறுப்பு. அதுக்குப் பக்கத்துல வர்ற இலக்கம் 2-ன்னா ரைட் ஹேண்ட் டிரைவ் ஏற்றுமதி வண்டி, 5-ன்னா பாகம் பாகமா வந்து இங்க பூட்டின வண்டி. எங்க வண்டி மேல பச்சை பெயின்ட், பிளேட்டுல ஏ. கதவு விளிம்புல ரப்பரைக் கொஞ்சம் நகர்த்திப் பாத்தா அடில கறுப்பு தெரிஞ்சுது. வீட்டுல எல்லாரும் பச்சைக் கார்னு சொல்லித்தான் வளர்ந்தோம். பெயின்ட் கடைக்குப் போறதுக்கு முன்னாடி இது தெரிஞ்சதுல எவ்வளவு மிச்சம்னு யோசிச்சுப் பாருங்க.

2. வீட்டுக்குள்ளயே தேடுங்க, அவசரப்படாம

வாங்குறதுக்கு முன்னாடி வீடு முழுக்கத் தேடுங்க. கார் வாங்கினப்ப கொடுத்த ஹேண்ட்புக் சின்னதா, டைரி சைஸ்ல இருக்கும், அது டேஷ்போர்டு பெட்டிலயோ சீட்டுக்கு அடிலயோ கிடக்கும். அங்க இல்லேன்னா வளவுல, அதாவது நடு முற்றத்தைச் சுத்தி இருக்கிற அறைகள், பரண், கணக்கு நோட்டு கட்டி வச்சிருக்கிற பெட்டி. நம்ம வீடுகள்ல கணக்கு எழுதாம எதுவும் வாங்கினது கிடையாது, அந்த வருஷத்துப் பேரேட்டுல கார் வாங்கின பற்று நிச்சயம் இருக்கும், தேதியும் தொகையும் டீலர் பேரும் சேர்ந்தே கிடைக்கும்.

தேட வேண்டியது: ஆர்சி புக், டாக்ஸ் கட்டின ரசீது, பழைய இன்சூரன்ஸ், டீலர் பில், ஹேண்ட்புக், ஸ்பேர் வாங்கின பில்லுங்க. கல்யாண ஆல்பத்தை விட்டுடாதீங்க. மாப்பிள்ளை அழைப்புல காரை ஜோடிச்சு எடுத்த போட்டோல நம்பர் பிளேட், கிரில், லைட்டு, வீல் கப்பு எல்லாம் அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே பதிஞ்சிருக்கும். புத்தகத்துல இருக்கிற படத்தையும் அந்தப் போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினா அதுக்கு மேல சாட்சி வேண்டாம்.

இன்னொண்ணு, வீடு பங்காளிகளுக்குப் பொதுன்னா அவங்க அறை அவங்க சாவி. கேக்காம தொறந்துடாதீங்க. முன்னோர்களைக் கும்பிடுற படைப்புக்கோ கல்யாணத்துக்கோ எல்லாரும் ஊருக்கு வர்ற சமயமாப் பாத்து விஷயத்தைச் சொல்லி, அவங்க இருக்கும்போதே தேடுங்க. அப்ப கையெழுத்து வேலையும் முடியும், அதைக் கீழ சொல்றேன்.

3. எந்தப் புத்தகம் எதுக்குன்னு தெரிஞ்சு வாங்குங்க

பழைய கார் புத்தகம்னு தேடினா கலர் படம் போட்ட பெரிய பெரிய புத்தகமா வரும். பாக்க அழகா இருக்கும், மேஜைல வைக்கலாம், நம்ம வேலைக்கு அதுல அரைப் பக்கம் கூட தேறாது. ஒரு காருக்கு அவசியம் வேண்டியது மூணு.

ஹேண்ட்புக்: ஓட்டுறவங்களுக்குக் கொடுத்தது. எந்த ஆயில், டயர்ல எவ்வளவு காத்து, எந்த சுவிட்ச் எங்கன்னு இருக்கும். டேஷ்போர்டு ஒரிஜினலான்னு பாக்க இதுதான்.

வொர்க்‌ஷாப் மேனுவல்: டீலர் ஷெட்டுக்குன்னு கம்பெனி போட்டது. இன்ஜின் பிரிக்கிறது, பிரேக், கியர்பாக்ஸ், ஒயரிங் எல்லாம் அளவோட இருக்கும். கம்பெனியே போட்டதுக்கும் வெளி பதிப்பகம் போட்டதுக்கும் வித்தியாசம் இருக்கு. ஹெய்ன்ஸ் மாதிரி பதிப்பகங்க, அவங்க வொர்க்‌ஷாப் புத்தக வரிசை 1966-லதான் ஆரம்பிச்சது, வீட்டுல தானே ரிப்பேர் பாக்குறவங்களுக்காக எழுதினது, படிக்க சுலபம். ஆனா ஆதாரமாக் காட்டணும்னா கம்பெனி மேனுவல்தான் நிக்கும்.

பார்ட்ஸ் லிஸ்ட்: இதைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க, என்னைக் கேட்டா மூணுல முக்கியம் இதுதான். ஒவ்வொரு சாமானும் படம் போட்டு பார்ட் நம்பரோட இருக்கும், எந்த சேசிஸ் நம்பர் வரைக்கும் எந்த சாமான், அதுக்கப்புறம் எது மாறுச்சுன்னு எழுதியிருக்கும். கார்புரேட்டரோ ஹெட்லைட்டோ பின்னாடி மாட்டினதான்னு சந்தேகம் வந்தா பதில் இதுலதான் இருக்கு. ஸ்பேர் வரவழைக்கும்போதும் பார்ட் நம்பர் சொன்னா தப்பான சாமான் வராது.

வாங்கும்போது சிக்குற இடம் மாடல் பேரு. ஒரே பேருல பல வண்டி இருக்கும். மோரிஸ் மைனர்லயே 1948-லேர்ந்து வந்த எம்எம் சீரிஸ்ல 918 சிசி சைடு வால்வ் இன்ஜின். 1952-ல ஆரம்பிச்ச சீரிஸ் 2-ல 803 சிசி, ஓவர்ஹெட் வால்வ். 1956-ல வந்த மைனர் 1000-ல 948 சிசி, முன் கண்ணாடி ஒரே துண்டு. 1962-லேர்ந்து 1098 சிசி. உங்க வண்டில முன் கண்ணாடி நடுவுல கம்பி வச்சு ரெண்டு துண்டா இருந்தா 1000-க்கான புத்தகம் உங்களுக்கு உதவாது, ஆனா விக்கிறவங்க மோரிஸ் மைனர் மேனுவல்னு மட்டும் போட்டிருப்பாங்க. எந்த வருஷம், எந்த சீரிஸ், எத்தனை சிசின்னு கேட்டு, பொருளடக்கப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிட்டு அப்புறம் பணம் போடுங்க.

பழைய பிரதிதான் வேணும்னு இல்ல. புரூக்லேண்ட்ஸ் புக்ஸ் மாதிரி பதிப்பகங்க பழைய கம்பெனி மேனுவலையும் அந்தக் காலத்துப் பத்திரிகை ரோடு டெஸ்ட்டையும் அப்படியே மறுபதிப்பு போடுறாங்க. கிரீஸ் கையோட புரட்ட மறுபதிப்புதான் சரி, ஒரிஜினல் பிரதி கிடைச்சா அதை அலமாரில வச்சுக்கங்க.

4. இந்தியப் பேரு, அதோட வெளிநாட்டு மூலம்

இந்தியாவுல செஞ்ச வண்டின்னா அந்தப் பேர்ல தேடி மேனுவல் கிடைக்கலேன்னு நிறைய பேர் விட்டுடுறாங்க. மூல வண்டி பேர்ல தேடுங்க. இந்துஸ்தான் 10-க்கு மோரிஸ் டென், இந்துஸ்தான் 14-க்கு மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு எம்ஓ, லேண்ட்மாஸ்டருக்கு ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 2, பழைய அம்பாசடருக்கு ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3. மெட்ராஸ்ல செஞ்ச ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு டிரையம்ஃப் ஹெரால்டு. பிரீமியர் கம்பெனியோட 1100 டிலைட், பத்மினிக்கு ஃபியட் 1100 டி. பாடியும் சேசிஸும் பெரும்பாலும் ஒத்துப் போகும், ஆனா இங்க வருஷம் போகப் போக இன்ஜின், கிரில், லைட்டு எல்லாம் மாத்தினாங்க, அதனால வெளிநாட்டுப் புத்தகத்தோட இந்தியக் கம்பெனி ஹேண்ட்புக் ஒண்ணும் சேர்த்து வச்சாத்தான் கணக்கு சரியா வரும். இந்திய ஹேண்ட்புக் வெளிநாட்டுல கிடைக்காது, நம்ம ஊர்லதான் தேடணும்.

5. எங்க வாங்குறது, என்ன செலவு, எத்தனை நாள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழைய சாமான் கடைங்கள்ல முதல்ல பாருங்க. வீடு பிரிக்கும்போது வர்ற பெட்டி, பீங்கான், எனாமல் போர்டோட சில சமயம் கார் புரோஷர், ஹேண்ட்புக் கட்டும் சேர்ந்து வரும். தூண், கதவு வாங்க வர்ற கூட்டத்துக்கு இது கண்ணுல படாது, அதனால கடைக்காரர்கிட்ட சொல்லி வைங்க, வந்தா எடுத்து வைப்பாங்க. கைல வாங்கினதும் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்க. ஒயரிங் படமும் லூப்ரிகேஷன் சார்ட்டும் மடிச்சு வச்ச பெரிய தாளா இருக்கும், முதல்ல கிழிஞ்சு போறது அதுதான். அது இல்லாத மேனுவலுக்கு முழு விலை கொடுக்காதீங்க.

வெளிநாட்டுல வாங்கினா புத்தக விலைய விட தபால் செலவு கூட ஆகும். எனக்கு ஒரு மறுபதிப்பு மேனுவலுக்கு எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்கு மேல வந்துச்சு. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆனா 2019 பட்ஜெட்ல இறக்குமதி புத்தகத்துக்கு 5 சதவீதம் சுங்க வரி போட்டாங்க, அதையும் கணக்குல வச்சுக்கங்க. முக்கியமா ஒண்ணு, கூரியர் மிச்சம்னு அதே பார்சல்ல ஸ்பேர் சாமானையும் போடச் சொல்லாதீங்க. சாமானுக்கு வரி வேற, மதிப்பு போடுறது வேற, புத்தகமும் அதோட சேர்ந்து கஸ்டம்ஸ்ல உக்காந்துடும். சிங்கப்பூர்லயோ மலேசியாலயோ சொந்தக்காரங்க இருந்து ஊருக்கு வந்தா அவங்க பெட்டில ஒரு புத்தகம் கொண்டு வரச் சொல்றது எல்லாத்தையும் விட சுலபம்.

உள்நாட்டுல பழைய புத்தகக் கடைலேர்ந்து வாங்கினா அஞ்சல் துறையோட ஞான் போஸ்ட் இருக்கு, 2025 மே மாசத்துலேர்ந்து. 300 கிராம் வரைக்கும் 20 ரூபா, 5 கிலோ வரைக்கும் 100 ரூபா, வரி தனி. தரை வழியா வர்றதால தாமதமா வரும், ஆனா டிராக் பண்ணலாம். விளம்பரப் பிரசுரத்துக்கு இது பொருந்தாது, அதனால புரோஷர் மட்டும் வாங்கினா ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பச் சொல்லுங்க.

வாங்காமலே படிக்கவும் வழி இருக்கு. இன்டர்நெட் ஆர்கைவ் தளத்துல பழைய மேனுவல் பல ஸ்கேன் பண்ணி கிடக்குது, தேடிட்டு அப்புறம் காசு செலவு பண்ணுங்க. அந்தக் காலத்துத் தமிழ்ப் பத்திரிகை கார் விளம்பரங்களுக்கு சென்னை தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போங்க, அதைச் சேர்த்தவர் நம்ம கோட்டையூர்க்காரர். பக்கத்துலயே வேணும்னா புதுக்கோட்டை ஞானாலயா நூலகம். ரெண்டு இடத்துக்கும் முன்கூட்டியே கேட்டுட்டு, என்ன வருஷம், என்ன பத்திரிகைன்னு எழுதி எடுத்துட்டுப் போனா அவங்களுக்கும் எடுத்துக் கொடுக்க வசதி.

மோரிஸ், ஆஸ்டின், எம்ஜி மாதிரி வண்டின்னா இங்கிலாந்துல கேடன் ஊர்ல இருக்கிற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துலேர்ந்து ஹெரிடேஜ் சர்டிஃபிகேட் வாங்கலாம். தொழிற்சாலை ஏட்டைப் பாத்து என்னைக்கு செஞ்சது, என்ன கலர், எங்க அனுப்பினாங்கன்னு எழுதித் தருவாங்க. எல்லா மாடலுக்கும் ஏடு மிஞ்சல, அதனால உங்க சேசிஸ் நம்பருக்கு ஏடு இருக்கான்னு முதல்ல கேட்டுட்டு அப்புறம் பணம் கட்டுங்க.

6. புத்தகத்தைக் கரையான்கிட்டேர்ந்து காப்பாத்துங்க

பழைய புத்தகக் கட்டை அப்படியே அலமாரில வைக்காதீங்க. ராமபாணப் பூச்சி இருந்தா மத்த புத்தகத்துக்கும் பரவும். நிழல்ல விரிச்சுக் காய வச்சு, மெல்லிய பிரஷ்ல தூசி தட்டி, கரையான் ஏறாம சுவரை ஒட்டாம வைங்க. லேமினேஷன் பண்ணாதீங்க, செல்லோ டேப் ஒட்டாதீங்க, ரெண்டும் தாளைக் கெடுத்துடும். முதல் வேலையா ஸ்கேன் பண்ணிடுங்க, ஷெட்டுக்குப் போறது பிரின்ட் மட்டும்தான்.

7. ஆர்டிஓ வேலை: பேப்பர், பணம், நாள்

முதல்ல கார் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. ஐயா பேர்லயே இருந்தா தாசில்தார் ஆபீஸ் வாரிசு சான்றிதழ் வேணும், இ-சேவை மையத்துல விண்ணப்பிக்கலாம். உரிமையாளர் இறந்தா பேர் மாத்துறதுக்கு ஃபாரம் 31. வாரிசுங்க எல்லாரும் ஒருத்தர் பேருக்கு சம்மதம்னு கையெழுத்து போடணும், அதுல ரெண்டு பேர் அமெரிக்கால இருந்தா தூதரக அட்டெஸ்டேஷன்னு மாசக்கணக்கா இழுக்கும். அதான் படைப்புக்கு வரும்போதே முடிச்சுடுங்கன்னு சொன்னேன். இந்த வேலையையும் புத்தகம் தேடுறதையும் ஒரே சமயத்துல ஆரம்பிச்சுடுங்க, ஒண்ணு முடியட்டும்னு இன்னொண்ணை நிறுத்தி வைக்காதீங்க.

ஆர்சி புக் தொலைஞ்சிருந்தா போலீஸ்ல தொலைஞ்ச ஆவண ரிப்போர்ட் வாங்கி ஃபாரம் 26 கொடுக்கணும். நம்ம பக்கத்துல இதுல ஒரு சிக்கல் உண்டு. சிவகங்கை 1985-லதான் தனி மாவட்டம் ஆச்சு, அதுக்கு முன்னாடி காரைக்குடி, தேவகோட்டை எல்லாம் ராமநாதபுரம். புதுக்கோட்டை மாவட்டம் 1974-ல வந்தது, 1948 வரைக்கும் சமஸ்தானம். அதனால பழைய வண்டியோட பி ரிஜிஸ்டர், அதாவது ஆர்டிஓ ஆபீஸ் பதிவு ஏடு, இன்னைக்கு இருக்கிற சிவகங்கை டிஎன் 63, புதுக்கோட்டை டிஎன் 55 ஆபீஸ்ல இருக்கும்னு நினைச்சுப் போகாதீங்க. பழைய நம்பரை எழுதிக் கொடுத்து எந்த ஆபீஸ்ல ஏடுன்னு எழுத்துல கேளுங்க. வாய்ல கேட்டா இல்லைன்னு ஒரு வார்த்தைல முடிஞ்சிடும், மனுவா கொடுத்தா தேடிப் பாப்பாங்க.

விண்டேஜ் பதிவுக்கு ஃபாரம் 20, மத்திய அரசோட பரிவாகன் இணையதளம் வழியா. கூட இன்சூரன்ஸ், ஏற்கனவே பதிவான வண்டின்னா பழைய ஆர்சி, வெளிநாட்டுலேர்ந்து நேரா வந்ததுன்னா பில் ஆஃப் என்ட்ரிங்கிற கஸ்டம்ஸ் இறக்குமதி ஆவணம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபா, மறுபடி புதுப்பிக்க 5,000, பத்து வருஷம் செல்லும். ஏற்கனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வச்சுக்கலாம், தயவுசெஞ்சு அதை விட்டுடாதீங்க. புது நம்பர்னா டிஎன், அப்புறம் விஏ, அப்புறம் ரெண்டு எழுத்து, நாலு இலக்கம்னு வரும். விதிப்படி 60 நாளுக்குள்ள ஆர்சி கொடுக்கணும். இந்த விதி டூ வீலருக்கும் கார் வகைக்கும் மட்டும்தான், பழைய லாரி, பஸ்ஸுக்குக் கிடையாது.

இன்சூரன்ஸ் கம்பெனில உங்க மாடல் பேரே கம்ப்யூட்டர்ல வராது. எனக்கு ஒரு இடத்துல வேற மாடல் பேர்ல போட்டுத் தர்றேன்னாங்க, அதுக்கு ஒத்துக்காதீங்க, ஆர்சியும் பாலிசியும் ஒத்துப் போகலேன்னா மறுபடி முதல்லேர்ந்து. மேனுவலோட முதல் பக்கமும் சிசி போட்ட பக்கமும் எடுத்துட்டுப் போய் மேனேஜர்கிட்ட நேர்ல காட்டுங்க. விண்டேஜ்னு பதிவான காருக்கு மூன்றாம் நபர் பிரீமியத்துல 50 சதவீதம் தள்ளுபடின்னு 2022 விதில இருக்கு, புதுப்பிக்கும்போது கேட்டு வாங்குங்க.

வண்டி விண்டேஜ் தகுதி உள்ளதான்னு பாக்க அரசு அமைக்கிற கமிட்டி ஆய்வுக்கு வர்ற அன்னைக்கு புத்தகத்தை மொத்தமா நீட்டாதீங்க. அவங்க பாக்குற வரிசைல, நம்பர் பிளேட், இன்ஜின், பாடி, டேஷ்போர்டுன்னு பக்கத்துக்குப் பக்கம் சீட்டு வச்சு, பக்கத்துலயே காரோட அதே இடத்துப் போட்டோ. பெயின்ட், டயர், சீட் துணி மாத்தியிருந்தா நீங்களே சொல்லிடுங்க, பில்லையும் வைங்க.

ஆர்சி கைக்கு வந்ததும் ஊர்ல முதல்ல வர்ற கேள்வி, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவீங்களா, ஷூட்டிங்குக்குத் தருவீங்களான்னுதான். விண்டேஜ் பதிவுல வணிகத்துக்கு ஓட்டக் கூடாது, தினப்படி ரோட்டுல எடுக்கவும் கூடாது. கண்காட்சி, ராலி, டெக்னிக்கல் ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேர் பாக்க, இவ்வளவுக்குத்தான் அனுமதி. வாடகைக் கணக்கு மனசுல வச்சு செலவு பண்றவங்க இதை முதல்லயே தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.